அந்தோணி மாமா ஊதாத ஸ்வரம்

1

“…அதுக்கு மேல ஒண்ணு கீது, இல்லன்னு சொல்லல. ஆனா அத ஊதினேன்னா உன்னக் கல்லறக் கேட்டுக்கு உள்ள அனுப்பிட்டேன்னு அர்த்தம் ஸ்டெல்லா. வாணாம். வேற இன்னா வேணா கேளு.”

நேற்று என் போனில் படம் தெளிந்தபோது என் அக்கா புருஷன் அந்தோணி மாமா அவளிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ராயபுரத்தில் அது சாயந்திரம். இங்கே ஜெர்மனியில் எங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். மாமா கழுத்தில் சாக்ஸபோன் தொங்கியது. அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரியாயிற்று, செருப்பு மாட்டியாயிற்று. மடியில் ஒரு பிளாஸ்டிக் கூடை. அதில் ஃபிளாஸ்க், தட்டு, டம்ளர், இரண்டு நைட்டி, ஜெபமாலை. வாசலில் ஆட்டோ உறுமுகிற சத்தம் எனக்கே கேட்டது.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். விடிந்தால் இதயத்தில் ஒரு வால்வை மாற்றுகிறார்கள். தள்ளித் தள்ளிப் போய் ஒருவழியாகக் கிடைத்த தேதி. போகாவிட்டால் அங்கே அவளுக்கான கட்டில் அடுத்த ஆளுக்கு. அவளுக்கோ வாசல் படி ஏறினாலே மூச்சு நின்று நின்றுதான் வருகிறது. இன்னொரு தேதி வரைக்கும் தாங்காது என்று டாக்டர் மாமாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

“முடிச்சி வாசி. அப்பதான் எழுந்துப்பேன்” என்றாள் அக்கா.

இதை எழுதுவது மறுநாள் காலை. மாமாவிடமிருந்து இதுவரை வந்தது ஒரே ஒரு செய்தி: “உள்ள இட்டுகினு பூட்டாங்க மச்சான்.” அதற்கப்புறம் போன் வாயைத் திறக்கவில்லை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அடுக்களை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். காபி ஆறிவிட்டது. சும்மா இருந்தால் தலை வெடித்துவிடும் போல இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். ஊரில் இருக்கிற நீங்கள் படிக்கும்போது எனக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 

2

அந்தோணி மாமா பேண்டு வாசிக்கிறவர். ராயபுரத்தில் கல்யாண ஊர்வலம், தேர்த் திருவிழா, சாவு என்று எதற்கும் போகிற ஒரு பேண்டில் சாக்ஸபோன் அவருடையது. பேப்பரில் பேர் வந்ததில்லை. ஒரு சினிமாப் பாட்டில் வாசித்ததாக ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தப் பாட்டு என்று கேட்டால், “அதுல என்ன கட் பண்ட்டான் மச்சான்” என்று சிரித்தார். ஆனால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரைக்கும் கடலோரத்தில் எந்தக் குப்பத்தில் நின்று ‘சாக்ஸ் அந்தோணி’ என்று கேட்டாலும் வழி காட்டுவார்கள்.

இளவட்டமாக இருந்தபோது சனிக்கிழமை சாயந்திரங்களில் ரயில்வேக்காரர்களின் டான்ஸ் ஹாலுக்கு வாசிக்கப் போவார். அங்கேதான் அந்த அமெரிக்கப் பாட்டு அவர் காதில் விழுந்தது. ஜாஸ் கேட்கிற எவருக்கும் தெரிந்த பழைய சோகப் பாட்டு. ஒருத்தி போய்விட்டாள், இவன் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான் சங்கதி. அதன் பேரை நான் எழுதப் போவதில்லை. மாமாவே ஒருநாளும் அதைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “அந்த அழுமூஞ்சி” என்பார். “சனிக்கெழமைன்னா கடைசியா அழுமூஞ்சி வாசிப்போம். வெள்ளைக்காரப் பேரு வெச்ச நம்ம ஆளுங்க ஜோடி ஜோடியா ஒட்டிகினு ஆடுவாங்க. நான் மட்டும் பசியில வாசிச்சிகினு இருப்பேன்.”

டான்ஸ் ஹால் மூடிய பிறகு அந்தப் பாட்டை மாமா சாவு ஊர்வலத்துக்குக் கொண்டுபோனார். அவர் வாசிப்பு மாறியது அங்கேதான். டான்ஸ் ஹாலில் ஆடுகிறவர்களுக்காக வாசித்தது, இங்கே சவப்பெட்டியைத் தூக்குகிறவர்களின் காலுக்குத் தகுந்த மாதிரி மெதுவாகியது. ஒரு மழைக்காலத்தில் சடையங்குப்பத்துக்குப் போயிருந்தார்கள். தெருவெல்லாம் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஆட்கள் காலால் தரையைத் தடவித் தடவி நடந்தார்கள். மாமாவும் அந்த வேகத்துக்கே வாசித்தார். அன்றைக்கு இறங்கிய வேகம் அப்புறம் ஏறவே இல்லை. பாட்டின் நடுவில் ஒரு இடத்தில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்துவார், கேட்கிறவனுக்கு மூச்சு முட்டும். “அது இன்னா மாமா அங்க அவ்ளோ நேரம்?” என்று கேட்டிருக்கிறேன். “அங்கதான்டா தோளு மாத்துவானுங்க. மாத்தி முடிக்கிற வரைக்கும் நான் புடிச்சிகினு இருக்கணும். உட்டா பெட்டி ஆடும்.”

மவுத்பீஸைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். சாக்ஸபோனில் வாய் வைத்து ஊதுகிற அந்தக் கறுப்புத் துண்டு. கருவியைப் பெட்டியில் வைப்பார். மவுத்பீஸ் மட்டும் சட்டைப் பையில்தான் இருக்கும். சாப்பிடும்போதும், பூசைக்குப் போகும்போதும் அங்கேயே. மேல் பக்கம் அவருடைய பல் பதிந்து பள்ளமாகியிருக்கும். வேறு ஒருவர் தொடக்கூடாது. பேண்டுக்காரர்கள் எல்லாருமே இப்படித்தான், ஆனால் மாமா கொஞ்சம் அதிகம். “என் கையப் புடிச்ச நேரத்த விட அத்தப் புடிச்ச நேரந்தான் ஜாஸ்தி” என்பாள் அக்கா. அவளுக்கு அதில் இன்னொரு வருத்தமும் உண்டு. பேண்டு எப்போதும் பெட்டிக்கு முன்னால் போகும். அந்தப் பழக்கத்தில் மாமா கடைத்தெருவுக்குப் போனாலும் அவளுக்குப் பத்தடி முன்னால்தான் நடப்பார், திரும்பிப் பார்க்கவே மாட்டார். “யோவ், நான் இன்னும் சாவலய்யா, கூட வா” என்று பின்னாலிருந்து அவள் கத்துவதும் தெருவே சிரிப்பதும் சகஜம்.

3

இங்கே நான் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறேன். ஜெர்மன் மொழியையும் லிஃப்ட்டோடு வந்த புத்தகங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். அதனால் நான் பேசினால் ஒரு இயந்திரத்தைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும் என்று என் பெண் ஜெனி சொல்வாள். அக்காவின் ஆபரேஷன் தேதி வந்ததும் வெளிநாட்டார் அலுவலகத்துக்கு ஓடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாவிடம், என் அக்காவுக்கு ஒரு பாகம் தேய்ந்துவிட்டது, கழற்றி மாட்டப் போகிறார்கள், நான் போக வேண்டும் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு நெஞ்சைத் தொட்டுக் காட்டி “இங்கேயா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வேலை மாறியதில் என் குடியிருப்பு அட்டை மாற வேண்டியிருக்கிறது. புதியது வரும்வரை ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். அதன் ஜெர்மன் பேரைத் தமிழில் சொன்னால் ‘கற்பனைச் சான்று’ என்று வரும். நான் இங்கே இருப்பதாக அரசாங்கம் கற்பனை செய்துகொள்கிறதாம். என்னிடம் இருக்கும் வகைக்கு, இங்கே இருக்கலாம். வெளியே போனால் இதை வைத்துக்கொண்டு திரும்பி உள்ளே வர முடியாது. அந்த அம்மா இரண்டு முறை, மெதுவாக, நல்ல மனதோடுதான் விளக்கினார். வேறு வழி இருக்கிறதா என்று மேலதிகாரியிடமும் கேட்டுவிட்டு வந்தார். இல்லை. “போவது உங்கள் விருப்பம். ஆனால் குழந்தையின் பள்ளிக்கூடம், உங்கள் வேலை…” என்று முடிக்காமல் விட்டார்.

போகவில்லை. அக்காவிடம் சொன்னபோது, “நீ வந்து இன்னாத்தக் கிழிக்கப் போற தம்பி? லிஃப்டா இது? டாக்டரு பாத்துப்பாரு” என்று சிரித்தாள். சிரித்து முடிக்க மூச்சில்லாமல் போனை மாமாவிடம் கொடுத்துவிட்டாள்.

4

ஜெனிக்குப் பதினைந்து வயது. பிறந்தது அங்கே, வளர்ந்தது இங்கே. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். அவசரத்தில்தான் தமிழ் வரும், அதுவும் கால் ஒடிந்து. மாமா என்றால் அவளுக்குக் கொஞ்சம் விலக்கம். சின்ன வயதில் ஊருக்குப் போனபோது அந்த மவுத்பீஸை எடுத்து வாயில் வைத்து ஊதப் பார்த்தாள். மாமா வெடுக்கென்று பிடுங்கிவிட்டார். அழுதுகொண்டு ஓடிவந்தவள், அதற்குப் பிறகு போனில் அவர் முகம் தெரிந்தால் ஒரு ஹலோவோடு நழுவிவிடுவாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் பியானோ வாசிக்கிறாள். இந்த வருஷ விழாவுக்கு அவர்கள் வாத்தியார் கொடுத்தது, வேறெது, அந்த அழுமூஞ்சிதான். எனக்கு அது தெரியாது. ஒருநாள் அக்கா நினைப்பில் பாத்திரம் கழுவிக்கொண்டே மாமா வாசித்த பழைய பதிவைப் போட்டிருந்தேன். ஜெனி அறையிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்றாள். பாட்டு நின்றதும், “மிச்சம்?” என்றாள்.

“அவ்ளோதான். முடிஞ்சிடுச்சு.”

“இல்லைப்பா. முடியலை. வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு மாமா உள்ளே போகலை.”

கையைப் பிடித்து இழுத்துப்போய் பியானோவில் வாசித்துக் காட்டினாள். மாமா நிறுத்துகிற இடம் வரைக்கும் வாசித்துவிட்டு, அதற்கு மேல் ஒரே ஒரு கட்டையை அழுத்தினாள். அப்பா! அத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் தூக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது. மாமாவின் வாசிப்பைத் தவிர வேறு எவர் வாசித்தும் நான் அந்தப் பாட்டைக் கேட்டதில்லை. அக்காவும்தான். அது அப்படித்தான் அந்தரத்தில் நிற்கும், அதுதான் அதன் அழகு என்று இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஜெனி அதோடு விடவில்லை. தான் வாசித்ததை அத்தைக்கு அனுப்பிவைத்தாள். அவளாக ஊருக்கு அனுப்பிய முதல் செய்தி அது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று சாயந்திரமே அக்கா போன் செய்தாள். “தம்பி! இதுக்கு முடிவு கீதுடா! இத்தினி வருசமா இந்த மன்சன் என்ன டபாய்ச்சிகினு கீறாரு!”

5

மாமாவைக் கேட்டபோதுதான் விவரம் வந்தது. அவர் பேண்டில் ஒரு வழக்கம். சாவுக்கு வாசிக்கிற பாட்டைக் கடைசி ஸ்வரத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள், கல்லறைக் கேட்டில். பெட்டி உள்ளே போகும், வீட்டார் போவார்கள், ஜனம் போகும். பேண்டு வெளியிலேயே நிற்கும். கடைசி ஆள் உள்ளே நுழைந்த பிறகு சாக்ஸபோன் மட்டும் தனியாக அந்த ஒரே ஸ்வரத்தை ஊதி மூடும். அதைக் கேட்க அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள். அது போனவருக்கானது. அந்தப் பாட்டைச் சாவுக்கு எடுத்துக்கொண்ட நாளிலிருந்து மாமா அதை வீட்டிலோ திண்ணையிலோ உயிரோடு இருக்கிறவர்கள் முன்னால் முழுசாக வாசித்ததே இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. சொந்த வீட்டில் சாவு விழுந்தால் பேண்டுக்காரன் தன் கருவியைத் தொடக்கூடாது. வேறு தெரு பேண்டு வந்து வாசிக்கும். மாமாவின் அப்பா போனபோது திருவொற்றியூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாமா கையைக் கட்டிக்கொண்டு ஜனத்தோடு நடந்தார்.

இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்க அக்காவுக்குத்தான் தோன்றியது.

6

நேற்றைக்கு வருகிறேன். ஜெனி என் தோளுக்குப் பின்னால் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் போகிறாயே, ஏதாவது கேள் என்று மாமாதான் வாயைக் கொடுத்திருக்கிறார். அவள் அழுமூஞ்சியைக் கேட்டிருக்கிறாள். வாசித்துவிட்டு வழக்கமான இடத்தில் நிறுத்தியிருக்கிறார். முதலில் நான் எழுதிய பேச்சு அப்போது வந்ததுதான்.

“கேட்டாவது மண்ணாவது” என்றாள் அக்கா. “யோவ், நான் உன்ன ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. நாளைக்கி நான் உள்ளயே பூட்டேன்னு வெய்யி…”

“வாயில வசம்ப வெச்சித் தேய்க்க.”

“அட, வெய்யின்றேன். பூட்டேன். அப்போ எனக்கு யாரு ஊதுவா? நீயா? நீ கையக் கட்டிகினு நிப்ப. ஒத்தியூருலருந்து எவனோ வருவான், ஏதோ ஒரு பாட்ட ஊதுவான். அவன் கேட்டாண்ட ஊதறது எனக்கு இன்னாத்துக்கு? உயிரோட கீறவங்களுக்கும் ஊத மாட்ட, செத்தா எனக்கும் ஊத மாட்ட. அப்போ நான் அத்த எப்பதான்யா கேக்கறது?”

மாமா கழுத்து வாரை இழுத்து இழுத்துச் சரி செய்தார்.

வாசலிலிருந்து ஆட்டோக்காரர் பாபு எட்டிப் பார்த்தார். “யக்கா, நேரமாவுதுக்கா. எண்ணூர் ரோடு ஃபுல்லா கண்டெய்னர் லாரி நிக்குது. ஆஸ்பத்திரி கேட்ட மூடிட்டான்னா பேஜாரு.”

கேட்டு என்று காதில் விழுந்ததும் மாமாவின் முகம் போன போக்கு இருக்கிறதே. “பாபு, கொஞ்சம் வெளில நில்லு நைனா” என்றார்.

நான் இங்கிருந்து கத்தினேன். “அக்கா, எந்திரிக்கா! பாட்டா முக்கியம் இப்போ? வந்து கேட்டுக்கலாம்!”

“நீ சொம்மா இரு தம்பி. வந்து கேக்கறதா இருந்தா இவர் மூஞ்சி ஏன் அப்டிக் கீது? டாக்டரு தனியா கூப்ட்டு இன்னா சொன்னாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறாரு.”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மாமா சுவரைப் பார்த்தார்.

அப்போதுதான் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஜெனி பியானோவில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். தான் அனுப்பியதால்தான் இத்தனையும் என்று அவளுக்கு. “அத்தை, நான் வாசிக்கிறேன். அந்த ஒண்ணு மட்டும். நீங்க போங்க, ப்ளீஸ்.” விரல் கட்டைக்கு மேலே நின்றது.

“ஏய் கொயந்த, கைய எடு!” மாமா போட்ட சத்தத்தில் போனே அதிர்ந்தது. சின்ன வயதில் மவுத்பீஸைப் பிடுங்கினாரே, அதே குரல். ஜெனி கையைச் சுட்டுக்கொண்டவள் போல இழுத்துக்கொண்டாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன் என்பதே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. எனக்குச் சாமி பயம் அதிகமில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் அவள் அந்தக் கட்டையை அழுத்தியிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ.

அக்கா மெதுவாகச் சொன்னாள். “அவள ஏன்யா மெரட்ற? ஜெனிக் கண்ணு, நீ வாசிச்சா அது உன் பாட்டும்மா. நல்லாதான் கீது. எனக்கு இவருது வேணும். ஜவ்வு மிட்டாயி மாரி இயுத்து இயுத்து வாசிப்பாரே, அதுக்கு ஒரு முடிவு வேணும். அவ்ளோதான்.”

ஆட்டோ ஹாரன் அடித்தது. இந்த முறை நீளமாக. அக்கா கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், எழுந்திருக்கவில்லை. அவள் உதடு லேசாக நீலம் பாய்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன். பேசிய பேச்சுக்கு மூச்சு போதவில்லை. நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. படம் ஒரு தடவை உறைந்துபோய்த் திரும்பி வந்தது.

மாமா சாக்ஸபோனைத் தூக்கி உதட்டில் வைத்தார்.

ஊதப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஜெனி என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மாமாவின் கன்னம் உப்பியது. விரல்கள் கட்டைகளின் மேல் அந்தக் கடைசி ஸ்வரத்துக்கான இடத்தில் அமர்ந்தன. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் வரவில்லை. மாமா காற்றை அப்படியே மூக்கு வழியாக விட்டுவிட்டு வாயை எடுத்தார். பிறகு மவுத்பீஸைத் திருகிக் கழற்றினார். எச்சிலைச் சட்டை நுனியால் துடைத்தார், உள்ளேயும் விரலை விட்டுத் துடைத்தார். அக்காவின் வலது கையைக் கூடையிலிருந்து பிரித்து எடுத்து, உள்ளங்கையில் அதை வைத்து, ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கினார்.

“இது இல்லாம இந்த ஊருல எவனுக்கும் நான் ஊத முடியாது” என்றார். “நீ எடுத்தாந்து குடு. இதே கட்டில்ல குந்து. முழுசா ஊதறேன்.”

அக்கா மூடிய கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

மாமா வாயில்லாத சாக்ஸபோனைக் கழுத்திலிருந்து கழற்றிக் கட்டிலில் கிடத்திவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டார். வாசல் வரைக்கும் போனவர் அங்கே நின்று ஒதுங்கினார். அக்கா முதலில் படியிறங்கினாள். மாமா அவள் பின்னால் நடந்தார்.